பழைய பூட்ஸ் இருந்தால் தாருங்கள்

உறவுகளுக்கு வணக்கம். நாவலடிக் கரையில் பின்னேரத்தில் கால்பந்து விளையாடுகிற நம்ம தம்பிமாரைத் தெரியும்தானே. பாதிப்பேர் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள். போன கிழமை ரெண்டு பேர் ஒரே சோடி பூட்ஸைப் பங்கு போட்டு விளையாடினார்கள். ஒருவனுக்கு வலது, மற்றவனுக்கு இடது, மிச்சக் கால் வெறுங்கால். பார்த்துக்கொண்டு நிற்க ஏலாமல் போச்சு.

வீட்டில் சும்மா கிடக்கிற பூட்ஸ், அடி தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. சின்னவர்களுக்கு 4ஆம் இலக்கப் பந்தும் வேணும். சனி பின்னேரம் 4 மணிக்குக் கரைக்குக் கொண்டு வாங்க.

பெற்றோருக்கு ஒரு விசயம். பிரேசில் கால்பந்து வீரர் பெலே சின்ன வயசில் காலுறைக்குள் கடதாசி அடைத்துப் பந்தாக்கி விளையாடிய கதை இவர்களுக்கு மனப்பாடம். அந்தக் கனவைக் காசாக்கவும் ஆட்கள் வரலாம். "வெளிநாட்டுக் கழகத்தில் சேர்க்கிறன், முற்பணம் தாங்க" என்றால் நகையை அடகு வைக்காதீங்க. 18 வயதுக்குக் குறைந்தவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதை, சில விதிவிலக்குகள் தவிர, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதிகளில் 19ஆம் பிரிவு தடுக்கிறது. பள்ளிக்கூடத்தையும் நிறுத்தாதீங்க. வலயம், மாகாணம், அகில இலங்கை என்று போகிற பாடசாலைப் போட்டிதான் நம்ம பிள்ளைகளுக்குக் கையில் இருக்கிற வழி.

பூட்ஸ் தருகிறவர்கள் அளவை இங்கேயே எழுதி விடுங்க.