கால்பந்து கிளப் உரிமையாளருக்கு ஒரு திறந்த மடல்: முதலில் எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள்

மதிப்பிற்குரிய உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் டிக்கெட் அலுவலகம் அனுப்பிய மின்னஞ்சல் பற்றித்தான் இந்த மடல். விவரம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, தெரியாது என்றால் அது இன்னும் மோசம். கிழக்கு கேலரியின் கீழ்வரிசைகள் அடுத்த சீசனில் இருந்து விஐபி பகுதி ஆகின்றனவாம். இத்தனை வருஷமாக அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மைதானத்தில் எங்கே காலி இருக்கிறதோ அங்கே போய்க்கொள்ளலாம், இரண்டு வாரத்துக்குள் இடம் தேர்ந்தெடுக்காவிட்டால் முன்னுரிமை கிடையாது. அவ்வளவுதான் செய்தி. இதற்குத் தலைப்பு, ‘உங்கள் போட்டி நாள் அனுபவம் மேலும் சிறக்கிறது’. எழுதியவர் யாரோ, நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுத எழுதக் கோபம் வந்து வேறு எங்காவது போய்விடுவேன். இந்த முடிவை நிறுத்தி வையுங்கள். எங்களோடு ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கார்னர் கொடிக்குப் பக்கத்தில் எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது, ஓரப்பார்வை மட்டும் கொஞ்சம் மிச்சம். புல்லின் பச்சை தெரியும், ஜெர்சி நிறம் நகர்வது தெரியும், பந்து தெரியாது. பக்கத்து இருக்கைப் பெண்தான் அவருக்கு கமெண்ட்ரி. பள்ளிக்கூடப் பிள்ளையாக அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், இப்போது வேலைக்குப் போகிறாள், இன்னமும் அதே இருக்கை. ‘லெஃப்ட்ல போறாங்க தாத்தா, ஏழாம் நம்பர், உள்ள வர்றான், அடிச்சிட்டான், அய்யோ போஸ்ட்ல பட்டுருச்சு’ என்று தொண்ணூறு நிமிஷமும் மூச்சு விடாமல் சொல்வாள். அவள் வராத அன்றைக்கு நாங்கள் யாராவது சொல்வோம், ஆனால் அவருக்குத் திருப்தி இருக்காது, ‘நீ கோல் விழுந்த பிறகுதான் சொல்றே’ என்பார். ரெஃப்ரி தப்பாக விசில் ஊதினால் மொத்த கேலரியும் கத்தி ஓய்ந்த பிறகு இவர் குரல் மட்டும் தனியாக எழும், விஷயம் இவர் காதுக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும். சுற்றி இருக்கும் நாங்கள் எல்லோரும் அந்தக் குரலுக்காகவே காத்திருப்போம்.

உங்கள் அலுவலகம் அவரிடம் மரியாதையாகத்தான் பேசியது, அதை மறைக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் பகுதியில் ஓர் இடம், துணைக்கு வரும் ஒருவருக்கு இலவச இடம். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் அந்தத் துணை யார்? அந்தப் பெண் அவருடைய பேத்தி இல்லை, பக்கத்து இருக்கைக்காரி. அவளுக்குத் தன் அப்பா இருக்கிறார், அவருக்கு மூட்டுவலி, அவர்கள் இருவருக்கும் கிடைத்தது மேல் அடுக்கு. எனக்கு கோலுக்குப் பின்னால். பின்வரிசை அண்ணன் தம்பிகளுக்குச் சேர்ந்தாற்போல் இடமே இல்லை. பெரியவர் இந்த வருஷம் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். உங்கள் கணக்கில் அது ஒரு காலி இருக்கை, அதுவும் முதியோர் சலுகை இருக்கை, நாளைக்கே வேறு ஒருவர் முழு விலை கொடுத்து வாங்கிவிடுவார். லாபம்தான்.

உங்கள் ஆட்களில் யாராவது ஒருவர் அந்த வரிசையில் ஒரே ஒரு ஆட்டம் உட்கார்ந்திருந்தால் இது கால் மணி நேரத்தில் தெரிந்திருக்கும். இடம் மாற்றியே ஆக வேண்டும் என்றாலும், பிரிக்காமல் கூட்டத்தோடு மாற்றலாமே என்று அங்கேயே யாராவது சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. வருத்தம் அதில்தான்.

பணம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும், ஐயா. விஐபி இருக்கை ஒன்று எங்கள் இருக்கைகள் பலவற்றின் வருமானத்தைக் கொண்டுவரும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆட்டக்காரர் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். ரசிகர்களுக்கு என்ன, கோடி கோடியாகக் கொட்டி ஆள் வாங்கிக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்வார்கள் என்று வெளியில் இருந்து பார்ப்பவர்கள் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆட்டக்காரர்களை வாங்கும் ஜனவரி வந்தால், கோல் அடிக்க ஒரு ஸ்ட்ரைக்கர் வாங்கு என்று தொண்டை கிழியக் கத்தும் கூட்டம்தான் இது. யார் பணப்பெட்டியோடு வந்து இறங்கினாலும் முதல் நாள் மாலை போடும் புத்தியும் இதற்கு உண்டு.

மீதிப் பாதியைக் கேளுங்கள். வேல்ஸின் கார்டிஃப் சிட்டி கிளப் என்றாலே நீலம், பட்டப்பெயரே ‘புளூபேர்ட்ஸ்’, அதாவது நீலப் பறவைகள். உரிமையாளர் வின்சென்ட் டான் 2012-ல் ஜெர்சியைச் சிவப்பாக்கினார். அந்தச் சிவப்பிலேயே அணி 2013-ல் இங்கிலாந்தின் உச்ச லீகான பிரீமியர் லீகுக்கு ஏறியது. அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. நீலம் வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள், 2015 ஜனவரியில் அவர் நீலத்துக்கே திரும்பினார். கொல்கத்தாவில் 1889-ல் பிறந்த மோகன் பகானுக்கு 2020-ல் ஏடிகே என்ற வேறொரு கிளப்போடு இணைப்பு நடந்து பெயருக்கு முன்னால் அந்த ‘ஏடிகே’ ஒட்டிக்கொண்டது. 1911-ல் ஏறக்குறைய அணி முழுவதும் வெறுங்காலோடு ஆடி பிரிட்டிஷ் ராணுவ அணியைத் தோற்கடித்து ஐஎஃப்ஏ ஷீல்ட் கோப்பையை வென்ற கிளப் அது, அந்தப் பெயரின் மேல் கை வைத்தால் சும்மா இருப்பார்களா? ‘ஏடிகே-வை எடு’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியாவின் உச்ச லீகான ஐஎஸ்எல் கோப்பையை வென்ற கையோடு, அந்த ஒட்டு போகும் என்று உரிமையாளர் அறிவித்தார். ஆக, ஜெயித்துக்கொண்டிருக்கும்போதும் ரசிகனுக்குத் தன் நிறமும் பெயரும் வேண்டும். அதற்காக வாதாடுகிறவன் நன்றி கெட்டவன் இல்லை.

எங்களுக்குப் பிடித்த முதலாளி யார் என்று கேட்டால் பலர் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கிளப்பை வைத்திருந்த விச்சாயின் பெயரைச் சொல்வார்கள். 2016-ல் வென்ற பிரீமியர் லீக் பட்டம் ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்பே, 2013-ல், கிளப் தனக்குத் தர வேண்டியிருந்த 100 மில்லியன் பவுண்டுக்கும் மேலான கடனைப் பங்காக மாற்றிக் கிளப்பின் தோளில் இருந்து இறக்கி வைத்தார். 2018-ல் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தபோது மைதானத்துக்கு வெளியே குவிந்த பூக்களை யாரும் ஆள் வைத்துக் கொண்டுவந்து போடவில்லை. எதிர்ப்பக்கம் 2005-ல் மான்செஸ்டர் யுனைடெட்டை கிளேசர் குடும்பம் வாங்கிய விதம். அதுவரை கடனில்லாமல் இருந்த கிளப், வாங்குவதற்காகப் பட்ட கடனில் பெரும்பகுதியைக் கொண்டுவந்து அந்தக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். மனம் வெறுத்த ரசிகர்கள் சிலர் அதே வருஷம் சொந்தமாக ஒரு கிளப்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

இதைவிடக் கேவலமும் உண்டு. இங்கிலாந்தில் 1885-ல் தொடங்கிய பரி கிளப்பை 2018 டிசம்பரில் ஒருவர் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். அடுத்த ஆகஸ்ட் 27-ஆம் தேதி லீக் அதை வெளியேற்றியது. அன்றைக்குக் காலையில் அந்த ஊர் ரசிகர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? ஆட்டம் நடந்துவிடும் என்ற நம்பிக்கையில் துடைப்பமும் துணியுமாக வந்து மைதானத்து இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு இங்கிலாந்துக் கிளப்பான ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயின் உரிமையாளர் 2023-ல், வரி பாக்கியும் சம்பளமும் கட்ட 20,000 ரசிகர்கள் ஆளுக்கு 100 பவுண்ட் போட்டால் 2 மில்லியன் ஆகிவிடுமே என்று யோசனை சொன்னார். 2025 அக்டோபரில் கிளப் திவால் நிர்வாகியின் கைக்குப் போய், தண்டனையாக லீக் புள்ளிகளில் 12-ம் போனது. கஷ்டம் வந்தால் ரசிகன் குடும்பத்தில் ஒருவன், முடிவெடுக்கும்போது மட்டும் வாடிக்கையாளன்.

சரி, நீங்கள் அந்த மாதிரி ஆள் இல்லை. சம்பளம் தேதி தவறாமல் போகிறது, மைதானத்தை விற்கவில்லை, அகாடமிப் பையன்களுக்கு நல்ல புல் போட்டுக் கொடுத்தீர்கள். அதற்கெல்லாம் கைதட்டியிருக்கிறோம். அதனால்தான் இந்த மின்னஞ்சல் இவ்வளவு வலிக்கிறது.

ஏதோ ஆசைப்பட்டதைக் கேட்கிறோம் என்று நினைக்க வேண்டாம், கேட்பது ஏற்கெனவே பல இடங்களில் நடப்பதுதான். ஜெர்மனியில் 50+1 என்று விதியே இருக்கிறது, ஒன்றிரண்டு விலக்குகள் தவிர கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும். அதை உங்களிடம் கேட்கவில்லை, பயப்படாதீர்கள். லண்டனின் பிரென்ட்ஃபோர்ட் கிளப்பைப் பாருங்கள். பெரும்பான்மைப் பங்கு மேத்யூ பென்ஹாமுக்குப் போன பிறகும், மைதானத்தை நினைத்தபடி விற்க முடியாமல் தடுக்கும் சிறப்புப் பங்கு ஒன்று ரசிகர் அமைப்பின் கையில் இருந்தது. அதனால் அவர் கை கட்டிப்போனதா? 2021-ல் அந்த அணி பிரீமியர் லீகுக்கே ஏறியது. அதே லண்டனின் செல்சி கிளப்பில், அவர்கள் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜின் நிலம் ரசிகர்கள் பங்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. 2011-ல் கிளப் அதைத் திரும்ப வாங்கப் பார்த்து, 75 சதவீத வாக்கு கிடைக்காமல் கைவிட நேர்ந்தது. அதற்கு அடுத்த வருஷம் ஐரோப்பாவின் உச்சக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை ஜெயித்தார்கள். பணக்கார முதலாளியே கூடாது என்று சொல்லும் ஆட்களும் இல்லை நாங்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கிளப்பை 2013-ல் மீட்டு நான்கு வருஷம் நடத்திய ரசிகர்களே 2017-ல் வாக்கெடுப்பு வைத்து ஒரு பெரும் பணக்காரரிடம் அதை ஒப்படைத்தார்கள். அவர்களை முன்கூட்டியே கேட்டார்கள், அவர்களும் யோசித்துச் சம்மதித்தார்கள்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 பிப்ரவரி லிவர்பூல். புது ஸ்டாண்டில் 77 பவுண்ட் டிக்கெட் என்று அறிவித்தார்கள், 77-ஆவது நிமிஷத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே போனார்கள். அணி அப்போது 2-0 முன்னிலை. ஆட்டம் 2-2-ல் முடிந்தது. சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அணி 2-0 முன்னிலைக்கு எப்போது வருவது, நாங்கள் எப்போது வெளியே போவது.

இவ்வளவு எழுதிய பிறகு மற்றதையும் கொட்டிவிடுகிறேன். ஒரே சீசனில் எதற்கு நான்கு ஜெர்சி? வாசலில் வரிசை நிற்கும்போது சரியாக லாக்-அவுட் ஆகும் அந்த டிக்கெட் ஆப்பைச் செய்தவர் எதிரணி ரசிகரா? ஆட்டத்துக்கு முன்னால் நாங்கள் பாட ஆரம்பித்தவுடன் ஸ்பீக்கரில் டிஜே அலறுகிறதே, அது எங்கள் பாட்டை அடக்கவா அல்லது எங்களை உற்சாகப்படுத்தவா? டிவிக்காக நேரத்தை மாற்றுங்கள், சரி, ஆனால் வெளியூர் ஆட்டத்துக்கு எல்லோரும் பயணச்சீட்டு வாங்கி முடித்த மறுநாள்தான் மாற்ற வேண்டும் என்று ஏதாவது வேண்டுதலா? உங்கள் விஐபி பகுதியில் இடைவேளை முடிந்து பத்து நிமிஷம் ஆகியும் பாதி இருக்கை காலியாக இருப்பதை நாங்கள் எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்க்கிறோம், டிவியிலும் தெரிகிறது. இப்போது அதையே எங்கள் பக்கத்துக்கும் கொண்டுவருகிறீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் ஓவராகப் போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். இருக்கைகளை விஐபி பகுதியாக்கும் முடிவை நிறுத்தி வையுங்கள். புதுப்பிக்கும் கடைசித் தேதியைத் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் பேசி முடிப்பதற்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள். எங்களோடு ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். தகவல் தொடர்பு அதிகாரியை மட்டும் அனுப்பாமல் நீங்களே வாருங்கள், பவர்பாயிண்ட் படக்காட்சி ஏதும் வேண்டாம். பேசிய பிறகும் அந்த வரிசைகள் வேண்டும் என்றால், எங்களைச் சேர்ந்தாற்போல் வேறு இடத்துக்கு மாற்ற வழி பார்க்கலாம், அதற்கான பட்டியலை நாங்களே போட்டுத் தருகிறோம், யாருக்குப் படி ஏற முடியாது, யார் யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது உட்பட. கூடவே, பெயர், நிறம், சின்னம், மைதானம் இந்த நான்கிலும் ரசிகர்களின் வாக்கெடுப்பு இல்லாமல் கை வைப்பதில்லை என்று எழுத்தில் கொடுங்கள். உங்களுக்கு அப்படி எண்ணமே இல்லை என்றால் கையெழுத்துப் போடுவதில் நஷ்டமும் இல்லை, உங்களுக்குப் பின் வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும்.

நாளும் நேரமும் நீங்களே சொல்லுங்கள். ஆட்டம் இருக்கிற நாளைத் தவிர எப்போது கூப்பிட்டாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
கிழக்கு கேலரி கீழ்வரிசை ரசிகர்கள் சார்பில் ஒருவன்