எம்ஜிபி லைட்டும் ஒயரிங்கும்: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. உன் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், அந்த 1971 எம்ஜிபி, பெயின்ட் வேலை முடிந்து வீடு வந்ததில் ரொம்ப சந்தோஷம். அந்தப் பச்சை அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, எல்இடி பல்பு போட்டுவிடலாமா, இல்லை ஒயரிங் முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிது போடலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டையும் இப்போதைக்குத் தள்ளிவை. இருக்கிற பல்புக்கே முழு வோல்ட்டேஜ் போய்ச் சேருகிறதா என்று முதலில் பார்ப்போம். என் கணிப்பில் போகவில்லை.

இந்த வண்டியில் ஹெட்லைட் கரன்ட் வரும் வழியை யோசித்துப் பார். ஸ்டார்ட்டர் சாலினாய்டு (ஸ்டார்ட்டருக்கு பேட்டரி கரன்டை இணைக்கும் பெரிய ஸ்விட்ச்) போல்ட்டில் கிளம்பி, பழுப்பு ஒயரில் டாஷ்போர்டு ஸ்விட்சுக்கு வருகிறது. அங்கிருந்து நீல ஒயரில் டிப் ஸ்விட்ச், அதாவது ஹை பீம், லோ பீம் மாற்றும் ஸ்விட்ச். அதற்குப் பிறகு ஹை பீமுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு, லோ பீமுக்கு நீலத்தில் சிவப்புக் கோடு என்று பிரிந்து, ரேடியேட்டர் பக்கத்து புல்லட் கனெக்டர்களை (ஒயர் முனையின் பித்தளை புல்லட்டைக் குழாயில் சொருகும் இணைப்பு) தாண்டி பல்புக்குப் போகிறது. திரும்பி வருவது கறுப்பு ஒயரில், இன்னும் சில புல்லட்கள் வழியாக பாடிக்கு, அதாவது எர்த்துக்கு. ஐம்பது வருஷம் ஆன இணைப்புகள் இத்தனை. ஒவ்வொன்றும் கால் வோல்ட், அரை வோல்ட் என்று தின்றுகொண்டே இருக்கும். இழை பல்பில் வோல்ட்டேஜ் 10% குறைந்தால் வெளிச்சம் சுமார் 30% போய்விடும்; 15% குறைந்தால் 40 சதவீதத்துக்கும் மேல் காலி. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பல்பானாலும் இதுதான் கதி.

அளப்பது சுலபம். பேட்டரி சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் மல்டிமீட்டருக்கு நீளமான ஒயர் ஒன்று சேர்த்துக்கொள். இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் விட்டு, லோ பீம் போட்டு, பேட்டரியில் பார்: 14 வோல்ட் அக்கம்பக்கம் வர வேண்டும். பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும், மறு முனையை ஹெட்லைட் பிளக்கின் பின்பக்கமாக நுழைத்து லோ பீம் டெர்மினலிலும் வை. மீட்டர் காட்டுவதுதான் பிளஸ் பக்க இழப்பு. அதேபோல பிளக்கின் எர்த் டெர்மினலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே. பிளஸ் பக்கம் 0.3, எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கை வைக்காத பழைய ஒயரிங்கில் இரண்டும் சேர்ந்து 1.5, 2 வோல்ட் வருவது சகஜம். ஒன்று மட்டும் மறக்காதே: பிளக் மாட்டியிருக்க வேண்டும், பல்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி அளந்தால் கரன்ட் ஓடாது. களிம்பேறிய இணைப்புகூட முழு 14 வோல்ட்டையும் காட்டி ஏமாற்றும். "வோல்ட்டேஜ் சரியா இருக்கே" என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் இப்படி அளந்தவர்கள்தான்.

இழப்பு எர்த் பக்கம் அதிகம் என்றால் சந்தோஷப்படு, அது அதிகம் காசு ஆகாத வேலை. புல்லட் கனெக்டரின் கறுப்பு ரப்பரை நசுக்கி, உள்ளே இருக்கும் சின்ன உலோகக் குழாயைப் பார். பித்தளை புல்லட்டின் கழுத்தைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு படிந்திருக்கும். குழாய் துருப்பிடித்து விரிந்திருக்கும். புல்லட் உள்ளே போகும்போது "டிக்" என்று பிடிக்க வேண்டும். விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போனால் குழாயில் பிடிப்பு செத்துவிட்டது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து பயனில்லை, உறையோடு புதிதாக மாற்று. 4.7 மி.மீ. புல்லட்டுக்கு உரிய இடுக்கி இருந்தால் இன்னும் நல்லது; கையால் அழுத்தினால் பல சமயம் பாதியில் நின்றுவிடும், ரப்பர் மறைத்துவிடுவதால் தெரியவும் தெரியாது. மாட்டும் முன் துளி வாசலின். ஒயரின் முனையைச் சீவும்போது உள்ளே செம்பு கறுத்திருந்தால், பளபளப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போ. கறுத்த செம்பில் இணைப்பு சரியாகப் பிடிக்காது.

எர்த் என்றதும் இன்னொன்று. இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கின்றன. பாடிக்கும் அதற்கும் நடுவே பின்னிய எர்த் பட்டை ஒன்றுதான் பாலம். வேலைக்காகக் கழற்றியவர்கள் திரும்பப் போட மறந்திருந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் கரன்ட் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகிப் புகையும். பெயின்ட் அடித்து வந்த வண்டி என்பதால் இதைக் கட்டாயம் பார். எர்த் போல்ட்டுகளுக்கு அடியிலும் புதுப் பெயின்ட் இருக்கும்; வாஷர் அளவுக்கு மட்டும் உப்புத்தாள் போட்டு உலோகம் தெரியத் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவு.

இனி ரிலே, அதாவது சின்னக் கரன்டால் பெரிய கரன்டைப் போட்டு அணைக்கும் மின்காந்த ஸ்விட்ச். உன் வண்டிக்கு இது ஆடம்பரம் இல்லை, தேவை. ஹெட்லைட்டின் 9, 10 ஆம்பியர் முழுவதும் அந்தச் சின்ன டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. ஸ்விட்ச் முனையில் 0.1 ஓம் தடை சேர்ந்தாலே 1 வோல்ட் போச்சு. அந்த ஒரு வோல்ட் 10 வாட் வெப்பமாக ஸ்விட்சுக்குள்ளேயே இறங்கும். பிளாஸ்டிக் உருகிய ஸ்விட்சுகள் இப்படித்தான் உருகின. அதைவிடப் பெரிய விஷயம், எம்ஜிபியின் ஹெட்லைட் சர்க்யூட்டில் தொழிற்சாலையிலிருந்தே ஃப்யூஸ் கிடையாது. எங்காவது உரசி ஷார்ட் ஆனால் ஒயர்தான் எரிய வேண்டும்.

செய்யும் முறை இது. பேட்டரி மைனஸைக் கழற்றிவிடு. 30 ஆம்பியர் ரிலே இரண்டு, ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று. ரேடியேட்டர் பக்கத்தில், டெர்மினல்கள் கீழ் நோக்கி இருக்கும்படி மாட்டு. மேல் நோக்கினால் தண்ணீர் தேங்கும். சாலினாய்டு போல்ட்டிலிருந்து 3 சதுர மி.மீ. ஒயர், கிளம்பிய இடத்திலேயே 25 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து இரண்டு ரிலேயின் 30ஆம் டெர்மினலுக்கும் (ரிலேயில் 30 கரன்ட் நுழைவது, 87 பல்புக்கு வெளியேறுவது, 85, 86 காயிலின் இரு முனைகள்). ஹெட்லைட்டுக்கு முன்னால் இருக்கும் பழைய நீல-வெள்ளை, நீல-சிவப்பு ஒயர்களை அந்தந்த ரிலேயின் 86இல் கொடு, 85 எர்த். இனி பழைய ஒயரும் ஸ்விட்சும் சுமக்க வேண்டியது ரிலே காயிலின் 0.15 ஆம்பியரை மட்டும்தான். டாஷ்போர்டின் ஹை பீம் நீல விளக்கும் வழக்கம்போல எரியும், அதைத் தொட வேண்டாம்.

87இலிருந்து பல்புக்குப் போகும்போது ஒவ்வொரு இழைக்கும் தனித் தனி 10 ஆம்பியர் ஃப்யூஸ் போடு. இடது ஹை, வலது ஹை, இடது லோ, வலது லோ, ஆக நான்கு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஃப்யூஸ் போட்டால், ஒரு பக்கம் ஷார்ட் ஆனாலும் இரவில் இரண்டு கண்ணும் அணைந்துவிடும். இந்த ஒயர் 2 சதுர மி.மீ. போதும், எர்த்துக்கும் அதே தடிமன், ஒவ்வொரு லைட்டிலிருந்தும் நேராக ஒரே பாடி போல்ட்டுக்கு.

ரிலே வாங்கும்போது நடுவில் ஐந்தாவது பின் இருந்தால் அதன் எண்ணைப் படி. 87 என்றால் இன்னொரு வெளியீடு. 87ஏ என்றால் ரிலே ஓய்வில் இருக்கும்போது கரன்ட் வரும் பின். தவறி அதில் கொடுத்தால் சாவியை எடுத்த பிறகும் லைட் எரியும். உள்ளே டையோடு உள்ள ரிலேயில் 86 பிளஸ், 85 மைனஸ் மாறக் கூடாது. ரெசிஸ்டர் வைத்த ரிலே என்றால் அந்தக் கவலை இல்லை.

இணைப்புகளை கிரிம்ப் செய், அதாவது டெர்மினலை ஒயரின்மேல் நசுக்கிப் பிடி, ஆனால் சரியான ராட்செட் கருவியில், உறையில்லாத டெர்மினலில், மேலே சுருங்கும் ஸ்லீவ் போட்டு. சோல்டர் ஒயருக்குள் ஏறி விறைப்பாக்கிவிடும். அது முடியும் இடத்தில் அதிர்வில் ஒயர் ஒடியும். ஒயரை வெட்டாமல் மேலே கவ்வி அழுத்தும் நீல கிளிப் ஒன்று விற்கிறார்களே, அதை வண்டிக்குள் விடாதே. இழைகளில் பாதியை அறுத்துவிட்டு மீதிக்குள் ஈரத்தை இழுக்கும். ஏற்கெனவே யாராவது போட்டிருந்தால் முதலில் பிடுங்க வேண்டியதும் அதுதான்.

இவ்வளவும் ஆன பிறகு பல்புக்கு வா. சீல்டு பீமை (பல்பும் கண்ணாடியும் ஒன்றாக மூடிய பழைய விளக்கு) எடுத்துவிட்டு 7 அங்குல எச்4 யூனிட், அதற்கு ஹை, லோ இரண்டு இழையும் உள்ள 60/55 வாட் ஹாலஜன் பல்பு. கண்ணாடி உன் சாலைக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்கு: இடதுபக்கப் போக்குவரத்துக்கு மட்டுமான லென்ஸில், எதிரே நின்று பார்ப்பவருக்கு வலப்புறம் காட்டும் அம்புக்குறி இருக்கும். அம்பு இல்லாதது வலதுபக்கப் போக்குவரத்துக்கு. இருபுறம் அம்பு இருந்தால் இரண்டுக்கும். மாற்றிப் போட்டால் லோ பீம் எதிரே வருபவர் கண்ணில்தான் ஏறும். பார்க்கிங் பல்புக்கு ஓட்டை உள்ள யூனிட் உனக்கு வேண்டாம், எம்ஜிபியில் அது தனி விளக்கில் இருக்கிறது. 100/90 வாட் பல்பு பக்கம் போகாதே. பிளக் உருகும், ரிஃப்ளெக்டர் கறுக்கும், பெரும்பாலான நாடுகளில் சாலையில் அனுமதியும் இல்லை. உன் வண்டியில் பேட்டரியை சார்ஜ் செய்யும் 16ஏசிஆர் ஆல்டர்னேட்டர் முழு வேகத்திலேயே 34 ஆம்பியர்தான் தரும். லோ பீம், டெயில், இக்னிஷன் காயில், வைப்பர், ஹீட்டர் ஃபேன், பிரேக் லைட் என்று கூட்டினால் இப்போதே 25 வந்துவிடும்.

மாட்டியதும் ஃபோகஸ். சமதளம், 5 மீட்டரில் சுவர், டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் சீட்டில் ஒரு ஆள். லோ பீமின் வெட்டுக்கோடு விளக்கின் மைய உயரத்துக்கு 5 செ.மீ. கீழே விழ வேண்டும்.

எச்4 இடத்தில் எல்இடி போடுவதை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ரிஃப்ளெக்டரும் லென்ஸும் இழை நிற்கும் இடத்தை வைத்து வடித்தவை. லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகட்டுக் கிண்ணம் இருக்கிறது, வெட்டுக்கோட்டைத் தருவது அதுதான். எல்இடி பல்பில் ஒளி ஒரு தகட்டின் இருபக்கச் சில்லுகளிலிருந்து வருகிறது. பக்கத்தில் பளீரென்று விழும், தூரத்தில் குறையும், எதிரே வருபவருக்குக் கூசும். உள்ளூர்ச் சட்டமும் பல இடங்களில் ஒப்புக்கொள்வதில்லை.

பின்னால் மட்டும் எல்இடி நல்ல யோசனை, குறிப்பாக பிரேக் லைட்டுக்கு. இழை சூடாகும் நேரம் இல்லாததால் பின்னால் வருபவருக்குச் சட்டென்று தெரியும். பிரேக்கும் டெயிலும் சேர்ந்த பல்பு பிஏஒய்15டி, இரண்டு பின்னும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். இன்டிகேட்டர் பிஏ15எஸ். சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடி, ஆரஞ்சுக்கு ஆரஞ்சு. வெள்ளை போட்டால் பெரும்பகுதியைக் கண்ணாடியே விழுங்கிவிடும். பக்கவாட்டிலும் ஒளி வீசும் வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு புள்ளிதான் தெரியும். பிரேக் மிதித்தால் இன்டிகேட்டரும் மினுக்கினால் பல்பைக் குறை சொல்லாதே. ஹோல்டரின் எர்த் போயிருக்கிறது, கரன்ட் பக்கத்துப் பல்பு வழியாகத் திரும்ப வழி தேடுகிறது.

இன்டிகேட்டருக்கு எல்இடி போட்டால் பழைய ஃபிளாஷர் (அதை மினுக்கவைக்கும் கருவி) வேலை செய்யாது. அதற்குள் இருக்கும் உலோகப் பட்டை 42 வாட் பல்பின் கரன்டில் சூடாகித்தான் துடிக்கும். எலெக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்கு. அதற்கு மூன்றாவதாக ஒரு எர்த் ஒயர் வேண்டும். டாஷ்போர்டில் இக்னிஷன் விளக்கை (சார்ஜ் ஆகாவிட்டால் எரிவது) மட்டும் எல்இடியாக மாற்றிவிடாதே. ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளத் தேவையான முதல் கரன்ட் அந்த 2.2 வாட் பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடி விடும் கரன்ட் போதாமல், சார்ஜ் ஆகாத வண்டியோடு காரணம் புரியாமல் நிற்பாய்.

முழு ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) மாற்றுவதைப் பற்றி: ஒயரை வளைத்தால் மேலுறை வெடிக்கிறதா, எங்காவது உருகி ஒட்டியிருக்கிறதா, இடையில் எவராவது கண்ட நிறத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்களா? இருந்தால் மாற்று. இல்லையென்றால் பழையதை விட்டுவிடு. மேலே சொன்ன ரிலே ஒயரிங் தனி ஹார்னஸாக நிற்கும், வேண்டாமென்றால் கழற்றிப் பழையபடி ஆக்கலாம். புதிது சேர்க்கும் இடத்திலும் நிற ஒழுங்கை விடாதே: பழுப்பு எப்போதும் கரன்ட், வெள்ளை சாவி போட்டால், பச்சை சாவியும் ஃப்யூஸும் தாண்டியது, ஊதா ஃப்யூஸ் தாண்டிய நிரந்தர கரன்ட், கறுப்பு எர்த்.

ஃப்யூஸ் பெட்டியில் 35 என்று அச்சிட்ட கண்ணாடி ஃப்யூஸ் இருக்கும். வண்டியின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனியின் கணக்கில் அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். வேறு கணக்கில் 35 என்று விற்பதை வாங்கிப் போட்டால் ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. பெட்டியின் பின்பக்கம் டெர்மினல்களைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளிலும் களிம்பு ஏறும், முன்பக்கம் பளபளவென்று இருந்தாலும்.

பெட்டியைக் கழற்றி அந்தப் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. பிளஸ், எர்த் இரண்டு அளவையும் கூடவே எழுது. அதைப் பார்த்துவிட்டு ரிலேயும் ஒயரும் வாங்கலாம்.

அன்புடன்,
முரளி