தையற்கடை அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

நேற்று மாலை திசுப் பரிசோதனை முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. எடுத்த சதையை வழக்கமாகவே அனுப்பிப் பார்ப்பார்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இருந்தும் அந்தத் தாள் கைக்கு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மகளுக்கு மார்பகத்தைக் குறைக்கும் அறுவை நடந்து இன்றோடு பதினோரு நாள். இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

என்ன நடந்தது என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு விரிவாகச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. மகள் படித்துப் பார்த்த பிறகுதான் இது வெளியே போகும் என்பது ஒப்பந்தம். இரண்டு பத்தியை ஏற்கெனவே அடித்துவிட்டாள். "அங்குலம், கிலோ எதுவும் இருக்கக் கூடாது" என்பது அவள் உத்தரவு. சரி.

டாக்டருக்குத்தான் முதல் நன்றி என்று நினைத்து ஆரம்பித்தேன். யோசித்துப் பார்த்தால், எங்களை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தவர் தெருமுனைத் தையற்கடை அக்கா. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யார் மூத்தவர் என்பது இதுவரை தீரவில்லை. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அப்புறம் வர்றவுக எல்லாம் நோட்டைக் காட்டுன்னு நிப்பாக" என்கிறார்.

போன ஆகஸ்டில் நடந்தது அது. அதற்கு முன் பார்த்த ஒரு டாக்டர், கல்யாணமாகி ஒரு பிள்ளை பெற்றால் தானாகச் சரியாகிவிடும் என்று மூன்று நிமிடத்தில் எங்களை அனுப்பியிருந்தார். கர்ப்ப காலத்தில் இது கூடத்தான் செய்யும், குறையாது என்பது அப்போது எனக்கும் தெரியாது. இந்தப் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் அப்படி இல்லை. வயதுக்கு வந்தது எப்போது, எடை ஏறி இறங்குகிறதா, கழுத்து எந்த நேரத்தில் வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறதா, தோளில் பட்டை அழுத்திய தடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியாக, "வளர்ச்சி நின்னாச்சா?" என்றார்.

"இன்னும் வளந்துக்கிட்டுத்தான் இருக்கா டாக்டர்" என்றேன் நான்.

அதே நேரத்தில் மகள், "நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குச் சரியான பதில் வேண்டும் என்றார். வளர்ந்துகொண்டிருக்கும்போது அறுவை செய்தால் மறுபடி பெருகலாம், இன்னொரு தடவை மேசையில் படுக்க வேண்டிவரலாம். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் அளவு மாறாமல் இருந்தால்தான் பதினேழு வயதுப் பெண்ணுக்கு இதைப் பற்றிப் பேசவே முடியும். எழுதிவைத்த அளவு ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் இன்றிலிருந்து எழுதுங்கள், அடுத்த வருடம் பார்ப்போம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. 'வளர்ற புள்ள' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் நான் நாலு வருடமாக ஒளிந்திருந்தேன், இன்னும் ஒரு வருடம் ஒளிந்துகொள்ளலாம். மகள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள், வீடு வரும்வரை முகத்தை இந்தப் பக்கம் திருப்பவில்லை.

இரண்டு நாள் கழித்து ரவிக்கை வாங்கப் போனபோது, "பாப்பா முகம் ஏன்க்கா வாடிக் கெடக்கு?" என்று கேட்டார் அக்கா. பாதியைச் சொல்லிவிட்டேன். அவர் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டு, "அளவுதான? அது எங்கிட்ட இருக்கேக்கா" என்றார்.

பரணில் ஒரு சாக்குக்குள் பழைய அளவு நோட்டுகள் இருந்தன. ஆறாம் வகுப்பிலிருந்து மகளுக்குத் துணி தைப்பது அவர்தான். பள்ளிக்கூடம் திறக்கும்போது, தீபாவளிக்கு, பொங்கலுக்கு என்று வருடத்துக்கு மூன்று தடவையாவது அளவெடுப்பார். ஒவ்வொன்றுக்கும் தேதி, பக்கத்தில் துணித் துணுக்கு ஒன்று பின் அடித்து. ஆனால் நோட்டைத் தர மாட்டேன் என்றார், ஊர்ப் பெண்கள் எல்லோருடைய அளவும் அதில்தானே இருக்கிறது. அன்றிரவு கடையை அடைத்த பிறகு உட்கார்ந்து, மகளுடைய வரிகளை மட்டும் தேடித் தேடிக் கோடு போட்ட இரண்டு தாளில் பெயர்த்து எழுதியிருக்கிறார். கீழே கையெழுத்து வேறு. மறுநாள் காலை அதைக் கவரில் போட்டு ஒட்டி, டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்த மகளிடம் கொடுத்தார். என்னிடம் இல்லை, அவளிடம்.

அவள்தான் பிறகு எனக்குக் காட்டினாள். எட்டாம் வகுப்பு வரிகளைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஒரே வருடத்தில் அந்த யூனிஃபார்ம் கோட்டை மூன்று தடவை பிரித்துவிட்டிருக்கிறார். நான் ஒரு தடவைதான் கூலி கொடுத்ததாக ஞாபகம். பத்தாம் வகுப்பில் கொஞ்சம் கூடியிருந்தது. அதற்கப்புறம் ப்ளஸ் ஒன் திறப்பு, தீபாவளி, பொங்கல், ப்ளஸ் டூ திறப்பு, நான்கு வரியிலும் ஒரே எண். மகள் சொன்னதுதான் சரி.

அந்தத் தாளைக் காட்டும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். கடையில் அக்கா அளந்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல, உதவிக்கு இருக்கும் பையன் எழுதிக்கொள்வான், எல்லோருக்கும் அப்படித்தான். எட்டாம் வகுப்பிலிருந்து இவளை மட்டும் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், வாய் திறக்காமல் அளந்து, தானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். "கூன் போடாத, நிமிந்து நட" என்று நடுத்தெருவில் கத்தத் தெரிந்த எனக்கு இது கண்ணில் படவில்லை.

டாக்டர் இரண்டு தாளையும் இரண்டு தடவை படித்தார். "யாரு இவங்க?" என்று கேட்டுவிட்டு ஃபைலிலேயே வைத்துக்கொண்டார். அதற்காக மறுநாளே தேதி குறித்துவிடவில்லை. ஸ்கேன், ஹார்மோன் சோதனை, மூன்று மாதம் நல்ல பிடிமானமுள்ள உள்ளாடையோடு பிசியோதெரபி, மனநல ஆலோசகரிடம் இரண்டு தடவை. அப்புறம் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகளோடு தனியாகப் பேசினார். அரை மணி நேரம். என்ன பேசினார்கள் என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் முன்னால் சொன்னதையும் பூசி மெழுகாமல் சொன்னார். தழும்பு மங்கும், போகாது. உணர்ச்சி குறையலாம். எடை கூடினாலோ பிள்ளை உண்டானாலோ அளவு மறுபடி மாறலாம். பால் கொடுக்க முடியுமா என்று கேட்டது நான்தான். பால் நாளங்களை முடிந்தவரை அறுக்காமல் விடுவோம், நிறையப் பேரால் முடிகிறது, சிலருக்குப் போதாமல் போகிறது, வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். மகள், "தெரியும் டாக்டர், படிச்சேன்" என்றாள்.

பதினெட்டு ஆகாததால் சம்மதப் படிவத்தில் நானும் அவள் அப்பாவும்தான் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் கையெழுத்துக்குக் கீழே அவளையும் போடச் சொன்னார் டாக்டர். அந்தக் கையெழுத்து எங்களுடையதை விட நேராக இருந்தது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். வேர்க்குரு என்று ஒதுக்காமல் மடிப்புப் புண்ணுக்கு மருந்து கொடுத்த தோல் டாக்டர், வலிக்கிறது என்றால் நம்பிய பிசியோதெரபி தங்கச்சி, ஒரு வருடம் அவள் புத்தகப் பையைச் சுமந்த மூன்று தோழிகள், மைதானத்தில் ஓடச் சொல்லாமல் ஸ்கோர் எழுத வைத்த பி.டி. டீச்சர், ராத்திரியில் தலையணையைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போன நர்ஸ், என் வேலையையும் சேர்த்துப் பார்த்த அலுவலகத் தோழிகள். அழகுக்கான அறுவைக்குக் காப்பீடு வராது, ஆனால் சிகிச்சைக்கு அவசியம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் கேட்கலாம் என்று விதியை வரி வரியாகப் படித்துக் காட்டிய கவுன்ட்டர் தம்பி. முழுப் பணம் வரவில்லை, வந்தவரை லாபம். "பொம்பளப் புள்ள உடம்புல கத்தியா" என்று ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, அறுவை அன்று விடியற்காலையிலேயே வந்து உட்கார்ந்த என் மாமியாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புக்கென்று இலவச கிளினிக் தொடங்கினார்கள். அந்தச் செய்தியை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்து, "அரசாங்கக் காசுல அழகா?" என்று நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அப்போது என் மகளுக்கு ஒன்பது பத்து வயது. அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. யாருடைய உடம்பைப் பற்றியும் இனிச் சாப்பாட்டு மேசையில் பேச மாட்டேன் என்று வைத்திருக்கிறேன். "நிமிந்து நட" என்பதையும் விட்டுவிட்டேன், நாலு நாளாக.

வீட்டுக்கு வந்த மறுநாள் அக்கா ஒரு பையோடு வந்தார். நாலு பருத்திச் சட்டை. முன்பக்கம் பட்டன், கைக்குழி தாராளமாக. "கையத் தூக்க முடியாதுல்ல" என்றார். அளவு எப்படி எடுத்தீர்கள் என்றேன்.

"எடுக்கல. பொதுவாத்தான் தச்சேன். வீக்கம் வடியட்டும், பாப்பாவே வரட்டும், புதுப் பக்கம் போட்டுக்குவோம்."

கூலி வாங்க மாட்டேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன், எட்டாம் வகுப்புக் கோட்டுக்குப் பாக்கி இருக்கும் இரண்டு தடவைக் கூலியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு. வாங்காவிட்டால் மிஷின் டிராயரில் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவதாகத் திட்டம். மகளுக்கு இன்னும் சில வாரம் ஓடத் தடை, அதனால் தனியாகத்தான் போக வேண்டும்.