உள்ளங்காலுக்கு நல்லெண்ணெய்

அன்பு மகன் கண்ணனுக்கு,

அம்மா எழுதுறன். போனில கதைக்கலாம்தான். ஆனா போனில நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" எண்டு சொல்லி வைச்சிடுவாய். செல்வி மாமியின்ர மகன் வாற கிழமை ரொறன்ரோ வாறான், அவனிட்ட இந்தக் கடிதமும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் குடுத்து விடுறன்.

நேற்று அப்பாவுக்குச் சோறு போட்டிட்டு வட்ஸ்அப்பைத் திறந்தா நீ ஒன்லைனில நிக்கிறாய். இஞ்சை மத்தியானம் ஒரு மணி. உங்கை இரவு இரண்டரை. நான் ஒண்டும் எழுதேல்ல, சும்மா பாத்துக்கொண்டிருந்தன். முந்தியும் இப்பிடிக் கண்டனான். கேட்டா வேலை எண்டுவாய். சரி, வேலையாத்தான் இருக்கும். நான் கதைக்கிறது நித்திரையைப் பற்றி மட்டும்தான்.

என்ர முழங்கால் நோவுக்குப் பொரளை ஆயுர்வேத ஆஸ்பத்திரிக்குப் போய்வாறது உனக்குத் தெரியும். 1929 இல தொடங்கின இடம். "உதுக்கெல்லாம் போறியோ" எண்டு முதல்ல சிரிச்ச அப்பாதான் இப்ப ஓட்டோ பிடிச்சுத் தாறார். எண்ணெய் போட்டுத் தேய்ச்சது முழங்காலுக்கு, ஆனா முழங்காலுக்கு முந்தி நித்திரைதான் திருந்தினது. காலமை முதல் ரெயில் கடற்கரைப் பக்கமாப் போகும்வரை முழிச்சுக் கிடந்த ஆள் நான். இப்ப அந்த ரெயில் போறதே தெரியாது. ஆனா ஒரு நாள் செய்தா அண்டைக்கு மட்டும்தான். தொடர்ந்து செய்யோணும். நீ எதையும் இரண்டு நாள் செய்துபோட்டு விடுறனி, அதால சொல்லுறன்.

இஞ்சை எங்கட ஒழுங்கையில இருக்கிற பிசியோப் பிள்ளை விளங்கப்படுத்தினவள். மெதுவா, ஒரே சீரா அழுத்தித் தடவேக்க உடம்பு விறைச்சு நிக்கிறதை விடுமாம், நெஞ்சு அடிக்கிற வேகம் குறையுமாம். காலைச் சூடாக்கினா காலில இரத்தம் கூடுதலா ஓடி உள்ளுடம்புச் சூடு வெளியில போகும், உள்ளுக்குச் சூடு இறங்கினாத்தான் நித்திரை வரும் எண்டாள். அம்மம்மா இரவில உள்ளங்காலுக்கு எண்ணெய் பூசிப்போட்டு "சூடு இறங்கும்" எண்டு சொல்லேக்க நீயும் அக்காவும் சிரிச்சனீங்கள். இப்பிடி உடம்பைத் தேய்ச்சுப் பிடிக்கிறதுக்குச் சித்த வைத்தியத்தில தொக்கணம் எண்டு பேர், அதில தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் எண்டு ஒன்பது வகை இருக்கு. உனக்குப் பிடித்தலும் அழுத்தலும் போதும்.

படுக்கிறதுக்கு ஒரு மணித்தியாலம் முந்திச் சுடுதண்ணியில காலைக் கழுவித் துடை. எண்ணெய்க் கிண்ணத்தைச் சுடுதண்ணிக்குள்ள வைச்சு வெதுவெதுப்பாக்கு. மைக்ரோவேவில வைக்காதே, சூடு தெரியாமல் கையைச் சுட்டுக்கொள்ளுவாய். குதியிலயிருந்து விரல்ப் பக்கமாப் பெருவிரலால நல்லா அழுத்தித் தேய். விரல் ஒவ்வொண்டையும் பிடிச்சு மெல்ல இழு. கணுக்காலைச் சுத்தித் தடவு. ஒரு காலுக்கு ஐஞ்சு நிமிசம் போதும். பிறகு பழைய சொக்ஸ் போடு, இல்லாட்டி வழுக்கி விழுவாய். போனை அடுத்த அறையில வை.

அடுத்தது கழுத்தும் தோளும். கொம்பியூட்டருக்கு முன்னால குனிஞ்சிருக்கிற உனக்கு அதுதான் பெரிசு. கழுத்தின்ர பின்பக்கம் மட்டும். நாடி துடிக்கிற முன்பக்கத்தை அழுத்தாதே. முதுகுக்கு உன்ர கை எட்டாது. முதுகுக்கு வேறை ஒராள்தான் வேணும்.

சுவருக்கும் முதுகுக்கும் நடுவில டெனிஸ் பந்து வைச்சு உருட்டலாம். நானே செய்து பாத்தனான், நல்லாத்தான் இருக்கு. தனிய ஒராள் செய்யலாம். ஒருத்தரையும் எதிர்பார்க்கத் தேவையில்லை.

நீ பெரிய பதவிக்கு வந்ததை அப்பா கதிரேசன் கோயிலில ஆரைக் கண்டாலும் சொல்லுறார். பூசை முடிஞ்சு பிரசாதம் வாங்க நிக்கிற சனத்துக்கும் சொல்லுறார், எனக்கு வெக்கம். உள்ளுக்குச் சந்தோசம்தான். அப்பிடிப்பட்ட பிள்ளை பொங்கலுக்கு ஒரு படம் அனுப்பேல்ல. போன வருசம் தர்ஷி பானையோட நிண்ட படம் இன்னும் ஷோகேஸில இருக்கு. இந்த வருசம் நீ மட்டும் கதைச்சாய், அவளுக்கு வேலை எண்டாய். நத்தாருக்கும் வேலை. உங்கை எல்லாருக்கும் ஒரே வேலைதான் போல.

ஒண்டு கட்டாயம் கேக்கோணும். நீ அப்பா மாதிரிக் குறட்டை விடுறனி. நடுவில மூச்சு நிண்டு திடுக்கிட்டு வாறதெண்டா அது வேறை வருத்தம், எண்ணெய் பூசி மாறாது. டொக்டரிட்டச் சொல்லி நித்திரைச் சோதினை செய்யோணும். படுத்திருக்கிற ஆளுக்கு அது தெரியாது, பக்கத்தில படுக்கிறவைதான் கவனிச்சுச் சொல்லோணும். அப்பாவுக்கு நான் சொல்லித்தான் பிடிச்சது. போனில இரவு முழுக்கச் சத்தத்தைப் பதியலாமாம், செல்வி மாமியின்ர மகன் சொன்னவன். நீ அதைச் செய். ஆரையும் கேக்கத் தேவையில்லை.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடா, நோவா இருந்தா அதைத் தேய்க்கவே கூடாது. உள்ளுக்கு இரத்தம் கட்டியிருந்தா அது கழண்டு நெஞ்சுக்குப் போயிடும். உடன ஆஸ்பத்திரிக்குப் போகோணும். மற்றது, ஒன்ராறியோவில பதிவு எடுத்த மசாஜ் தெரபிஸ்ட்மார் இருக்கினமாம், அவையிட்டப் போனா கனக்கக் கொம்பனி இன்சூரன்ஸில காசும் திரும்ப வருமாம். மாசத்துக்கு ஒருக்கா எண்டாலும் போ. இரவில பிளேன்டீ குடியாதே, ஐஞ்சு மணித்தியாலம் போனாலும் அதில பாதி உடம்புக்குள்ளதான் நிக்கும். காலுக்கு எண்ணெய் பூச மறக்காதே.

பிசியோப் பிள்ளை இன்னொண்டும் சொன்னவள், அதையும் ஒளிக்காமல் எழுதுறன். மசாஜ் பற்றிச் செய்த ஆராய்ச்சியள் கனக்கச் சின்னனுகள்தானாம். நோவோட இருக்கிறவைக்குச் சுகம் குடுக்கும். ஆனா கிழமைக்கு மூண்டு இரவாவது நித்திரை இல்லாமல் மூண்டு மாசம் போனா முதல் வைத்தியம் வேறை. குளிசையும் இல்லையாம். நித்திரைப் பழக்கத்தையும், படுத்துக்கொண்டு யோசிக்கிற யோசினையையும் மாத்துறதுக்கு ஒராளோட இருந்து கதைக்கிற வைத்தியம். அதுக்கு வெக்கப்படாதே. எங்களிட்டச் சொல்லாட்டிலும் அவையிட்டச் சொல்லு.

சனிக்கிழமையில உனக்கு எண்ணெய் வைச்சு முழுக வாத்தா மத்தியானம் கண் சொருகும். பகலில படுக்கக் கூடாதெண்டு மொட்டைமாடிக்குத் துரத்துவன், நீ அங்கை தண்ணித் தாங்கி நிழலில போய்ப் படுத்திடுவாய். அந்த நித்திரை எல்லாம் எங்கை போச்சுது, ராசா?

அப்பா ஒண்டும் கேக்காதே எண்டவர். நானும் கேக்கேல்ல. சித்திரையில லீவு கிடைச்சா வா. எப்பிடி வந்தாலும் உன்ர அறை அப்பிடியேதான் இருக்கு. அக்காவுக்கு ஒண்டும் சொல்லமாட்டன், அவள் ஊரெல்லாம் சொல்லிப்போடுவாள்.

எண்ணெய்ப் போத்தலைப் பிரிட்ஜில வைக்காதே. அதோட தர்ஷிக்கு விருப்பமான புளுக்கொடியலும் ஒரு பை கட்டி வைச்சிருக்கிறன். அவள் அங்கை இல்லாட்டி, வேலையால வர நேரம் போனாலெண்டு சொல்லுறன், நீயே சாப்பிடு. பழுதாக்காதே.

அம்மா
வெள்ளவத்தை