கிளுவை வேலிக்கு மிஷின் வேண்டாம்

கோத்தகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு செல்வம்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. வாத்தியாரைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்.

கிளுவை முள்மர வேலியை வெட்ட நீ பெட்ரோல் மிஷின் வாங்கப் போவதாக நேற்று மச்சான் சொன்னான். பணம் கட்டிவிட்டாயா? இல்லையென்றால் நிறுத்து. எதையும் பெரிய சைஸில்தான் வாங்குவாய் நீ. அந்த கிரைண்டர் இன்னும் பரணில்தானே இருக்கிறது?

வேலி வெட்டும் மிஷினில் ஒயர், பெட்ரோல், பேட்டரி என்று மூன்று வகையையும் நான் கையில் பிடித்துப் பார்த்துவிட்டேன். முதலில் வாங்கியது கரண்டில் சொருகி ஓட்டும் ஒயர் மிஷின். எடையும் விலையும் குறைவு, வாசல் டுராண்டா செடி வேலியை சலூனில் வெட்டியது போல அழகாக வெட்டியது. ஒருநாள் ஒயர் இலைக்குள் மறைந்து கிடந்திருக்கிறது. பிளேடு அதையும் சேர்த்துக் கடித்துவிட்டது. பட்டென்று ஒரு பொறி, இடமெல்லாம் ரப்பர் கருகிய வாடை. கீழே புல் ஈரம் வேறு. மெயினில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச் இருந்தது, உடனே விழுந்தது. செல்வம், உன் வீட்டில் அது இருக்கிறதா? 30 மில்லி ஆம்பியர் ஒன்று போடச் சொல். இந்த வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

அப்புறம் எஸ்டேட்டில் பெட்ரோல் மிஷின் இரவல் வாங்கினேன். ஐந்தாறு கிலோ இருக்கும். தோளுக்கு மேல் தூக்கினால் பத்து நிமிடத்தில் கை நடுங்குகிறது. இப்போது வைத்திருப்பது 18 வோல்ட் பேட்டரி மிஷின். என் சைப்ரஸ் மர வேலிக்கு இதுவே போதும். வெட்டி முடித்ததும் பிளேடில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: பச்சை இல்லாத பழைய கட்டை வரை வெட்டினால் சைப்ரஸ் மறுபடி துளிர்க்காது. மேற்கு மூலையில் நான் போட்ட ஓட்டை இரண்டு வருடமாக அப்படியே நிற்கிறது.

கடைக்காரர் மோட்டார், இன்ஜின் அளவை வாட், சிசி என்று சொல்லுவார். நீ பிளேடின் பல் இடைவெளி எவ்வளவு என்று கேள். அந்தச் சந்துக்குள் நுழையாத கிளையை எந்த மோட்டாரும் வெட்டாது. என்னுடையதில் 20 மில்லிமீட்டர், சுண்டுவிரல் பருமன் வரை சுலபமாக வெட்டும். உன் கிளுவை எப்போதோ கட்டைவிரலைத் தாண்டிவிட்டது, முள் வேறு. மிஷின் சிக்கிக்கொண்டு முக்கும். அதற்கு அரிவாள்தான் சரி. அரிவாளில் வெட்டினால் போத்து, அதாவது நடுவதற்கான கிளை, முழுசாகக் கிடைக்கும், வேலியில் சந்து விழுந்த இடத்தில் ஊன்றிவிடலாம். தழையை ஆடு தின்னும். மிஷின் எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டால் ஊன்ற என்ன மிஞ்சும்? உன் தாத்தா வைத்த வேலி அது.

கிணற்றடி மருதாணிக்கு மட்டும் மிஷின் தாராளமாகப் போதும். சித்திரையில் காங்கேயம் வரும்போது என்னுடையதை எடுத்து வருகிறேன், பிடித்துப் பார்த்துவிட்டு வாங்கு. தங்கச்சியிடம் அந்தக் கம்பு தோசைக்குச் சொல்லி வை.

அன்புடன்,
ரவி