எய்யா செல்வம், மும்பை செம்பூர்ல இருந்து அம்மா

எய்யா, சாப்டியா. போன் போட்டா எடுக்க மாட்டேங்க, அதான் வாட்ஸப்ல இம்புட்டு நீளமா டைப் பண்ணுதேன், பொறுமையா படி.

நேத்து எதுத்த வீட்டு குஜராத்தி பாபி பேரனுக்கு, 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' இந்தி சீரியல்ல வர்ற ஜெத்தாலால் படம் போட்ட டிசர்ட் வேணும்னு கேட்டாக. உன் ஆன்லைன் கடைய தொறந்து பாத்தா ஜெத்தாலாலும் இல்ல, அவன் பொண்டாட்டி தயாவும் இல்ல, அவுக குடியிருக்க கோகுல்தாம் சொசைட்டி பேரு போட்ட கப்பு ஒண்ணு கூட இல்ல, வெறும் பூனைப் படமும் பைக் படமுந்தான் கிடக்கு. எல்லாம் வித்துருச்சு போலன்னு சொல்லிட்டேன். வித்துதான போச்சுய்யா?

அந்த சீரியலு நம்ம பில்டிங்ல பண்ணுன கூத்து உனக்குத் தெரியாததா. 2008ல வந்ததுல இருந்து நம்ம செக்ரட்டரிய எல்லாரும் அதுல வர்ற செக்ரட்டரி பேரச் சொல்லி பிடேன்னுதான் சொல்லுதாக, கல்யாணம் தள்ளிப்போற பையன்லாம் அதுல பொண்ணு கிடைக்காம அலையுத போபட்லால். நாம அய்யரும் கிடையாது ஒண்ணும் கிடையாது, ஆனா அதுல வர்ற தமிழாளு பேரு அய்யருங்கதால தமிழாளுன்னா அய்யர்தான்னு ஆகி, பால்காரன் இன்னைக்கும் அப்பாவ அய்யர் பாய்னுதான் கூப்பிடுதான். அந்த அய்யரா நடிக்கிறவரு தமிழாளே இல்ல, மத்தியப் பிரதேசத்துக்காரரு, அத நெனச்சா எனக்கு இப்பவும் ஆத்திரமா வரும். ஆனா ராத்திரி எட்டரை ஆனா இந்தப் பக்கம் எந்த வீட்டுலயும் வேற சேனல் ஓடாது.

சித்ரலேகா பத்திரிகைல தாரக் மேத்தா குஜராத்தில எழுதிட்டு வந்த பத்தி, அதுல இருந்து வந்த சீரியலு இன்னைக்கு நாலாயிரம் எபிசோடு தாண்டிருச்சு. சின்னப்புள்ளைகளுக்கு தனியா கார்ட்டூன். 2014ல தூய்மை இந்தியாவுக்கு பிரதமரு அந்த டீமயே பேரு சொல்லிக் கூப்பிட்டாரு. இவ்வளவு பெரிய சொத்த வச்சிருக்கவன் அடுத்தவன் சம்பாதிக்க விடுவானாய்யா? 2024 ஆகஸ்ட்ல டெல்லி ஹைகோர்ட்டு அந்த கேரக்டரு, பேரு, வசனம் எதையும் அனுமதி இல்லாம போட்டு விக்கக்கூடாதுன்னு தடை போட்டுச்சு, யாரு எவருன்னே தெரியாத ஆளுகளுக்கும் சேத்து. அப்பவே சொன்னேன், அதெல்லாம் பெரிய ஆளுகளுக்கும்மான்னு வாய அடச்சுட்ட. அம்மா சொன்னா எப்பதான் கேட்டிருக்க.

திருப்பூர்ல இருந்து எறக்குன பனியன் மூட்டை எல்லாம் பிரிண்ட் போட்டுட்டியா, வெள்ளையாத்தான் கிடக்கா? பிரிண்ட் போடலைன்னா போடாத. போட்டுட்டா பாதி வெலைக்குக் குடுக்கேன்னு எவன்ட்டயும் தள்ளிராத, அதுவும் வில்லங்கந்தான். நேரத்துக்கு சாப்பிடு.

உன் கை சாதாரண கை இல்லய்யா. எட்டாங்கிளாஸ் கணக்கு நோட்டு அட்டையில பேனாவுலயே ஜெத்தாலால் மீசைய போட்ட பாரு, மிஸ்ஸே திட்டாம சிரிச்சுட்டாக. அந்த கைய வச்சுக்கிட்டு இன்னொருத்தன் மூஞ்சிய எதுக்கு வரையணும்? மாட்டுங்கா பூக்கடையில முழம் போடயில ஒரு பக்கம் பேரம் பேசிக்கிட்டே இன்னொரு பக்கம் பேத்தியத் திட்டுமே அந்த ஆச்சி, அத வரை. செக்ரட்டரி நோட்டீஸ் போர்டு முன்னால நின்னு சண்டை போடுததை வரை. எந்தக் கோர்ட்டும் உன்ன ஒண்ணும் கேக்க முடியாது. அந்த சீரியல் படத்த மட்டும் பிரிண்ட் போடாதய்யா.

அப்பாகிட்ட நான் எதுவும் சொல்லல. வக்கீலுக்குப் படிச்சாளே சித்தி மக, அவ நம்பர கீழ அனுப்புதேன். ஏதாவது நோட்டீஸ் வந்திருந்தா கிழிச்சுப் போட்டுராத, போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பு. துணி எடுத்த வகையில யாருக்கும் பாக்கி நின்னா என்கிட்ட சொல்லு, சீட்டுப் பணம் அடுத்த மாசம் வருது. ஞாயித்துக்கிழமை காலையில அப்பா கடைக்குப் போயிருவாக, அப்ப கூப்பிடு.