பத்து மணிக்கு ஒரு சங்கீதம்

கர்த்தருக்குள் அன்பான எல்லாருக்கும்,

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், அதை மறுபடி எழுதப்போவதில்லை. வலது கை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை, பேச்சு கொஞ்சம் குழறுகிறது. ஆனால் காப்பியில் சீனி பத்தவில்லை என்று சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். போன ஞாயிறு ஆராதனைக்கு வந்து இடது கையை நீட்டித் திருவிருந்து வாங்கினார். அதைப் பார்த்து அழுதது நான் மட்டும் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

முறைப்படி பாஸ்டரிலிருந்து நன்றியை ஆரம்பிக்க வேண்டும். அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில் வேறொருவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் சபையில் பின்னால் உட்காரும் ஒரு ஆன்ட்டி. "பேரைப் போட்டா நான் சர்ச் பக்கமே வரமாட்டேன்" என்று மிரட்டியிருக்கிறார், அதனால் பெயர் இல்லை. ஆராதனை முடிந்து வாசலில் ஒரு "ஸ்தோத்திரம்" சொல்லிக்கொள்வோம். அவ்வளவுதான் அதுவரை எங்கள் பழக்கம்.

இவர் ஐசியூவில் இருந்தபோது எனக்குப் போனைக் கண்டாலே பயம். எடுத்தால் முதல் கேள்வி, "இப்ப எப்படி இருக்கார்?" கேட்பவர்கள் மேல் குறையில்லை, பாசத்தில்தான் கேட்டார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லும்போது அது திரும்பத் திரும்ப நடப்பது மாதிரி இருந்தது. அப்படி ஒரு ராத்திரி, பத்து மணி வாக்கில், ஆன்ட்டியின் போன் வந்தது.

"மகளே, நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. ஒரு சங்கீதம் வாசிக்கிறேன். நீ ஆமென்கூடச் சொல்ல வேணாம். முடிஞ்சதும் வெச்சிடுவேன்."

பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒன்றை வாசித்தார். வைத்துவிட்டார். மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

பிரமாதமாக வாசிப்பவர் இல்லை. எழுத்தின் மேல் விரல் வைத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். கையில் இருப்பது பழைய தமிழ் பைபிள், 1871-இல் பவர் ஐயர் என்ற மிஷனரியின் குழு திருத்தி முடித்துக் கொடுத்த அதே தமிழ். அவர் வீடு சிங்கப்பூர் அங் மோ கியோவில், எம்ஆர்டி ரயில் மேலே ஓடும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில். ரயில் வந்தால் நிறுத்திவிடுவார். சத்தம் முழுக்க அடங்கின பிறகு, விட்ட இடத்திலிருந்து இல்லை, அந்த வசனத்தின் முதல் வார்த்தையிலிருந்து திரும்ப ஆரம்பிப்பார். ஒரு வசனத்தைப் பாதியில் வெட்டக்கூடாதாம்.

எனக்காக எதையும் தேடி எடுக்கவும் இல்லை. அவர் தினமும் வரிசையாக வாசித்துக்கொண்டு வந்ததில் என்ன வருமோ, அதுதான். இதைச் சொல்லக் காரணம் உண்டு. அந்த நாட்களில் 91-ஆம் சங்கீதம் எனக்கு எத்தனை பேரிடமிருந்து வந்தது என்று கணக்கே இல்லை. சூரிய உதயப் படத்தோடு, கழுகுப் படத்தோடு, பாட்டோடு. அனுப்பினவர்களுக்கெல்லாம் நன்றி, உண்மையாகவே. ஆனால் "வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்ற வரியை ஐசியூ வாசலில் உட்கார்ந்து படிப்பது லேசான காரியம் இல்லை. படிக்காமலே தள்ளிவிடுவேன்.

ஆன்ட்டியின் வரிசையில் ஒரு ராத்திரி 88 வந்தது. தலைப்பில் இருக்கும் "எஸ்ராகியனாகிய ஏமான்" என்ற பெயரிலேயே இரண்டு தடவை தடுக்கினார். மொத்தம் 150 சங்கீதங்களில் புலம்பல் நிறைய உண்டு, தெரியும். ஆனால் எப்படிக் கதறி ஆரம்பித்தாலும் பெரும்பாலும் கடைசியில் துதியிலோ நம்பிக்கையிலோ வந்து நிற்கும். 88 அப்படி இல்லை. இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் உம்முடைய முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டு, சிநேகிதனையும் தோழனையும் தூர விலக்கினீர் என்ற இருட்டிலேயே முடிந்துவிடும். முடிந்தது. இப்போது ஏதாவது ஆறுதல் சொல்வார், இல்லையென்றால் அடுத்த சங்கீதத்தையும் சேர்த்து வாசிப்பார் என்று காத்திருந்தேன். ஒரு ரயில் போனது. "இன்னைக்கு இதுதான் மகளே" என்றார். வைத்துவிட்டார்.

அன்றைக்குத்தான் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே தூங்கினேன். அதுவரை எனக்கு ஜெபிக்க வரவில்லை, வாய் திறந்தால் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தையும் ஆண்டவர் தம்முடைய புத்தகத்தில் அச்சாக விட்டு வைத்திருக்கிறார், அதை ஒரு வயசான அம்மா தயங்காமல் சத்தமாக வாசிக்கிறார் என்றால், நான் சபைக்கு வெளியே போய்விடவில்லை என்று புரிந்தது. அப்புறம் 89 வந்தது, 52 வசனம், எத்தனை ரயில் போனதோ. அப்புறம் மோசேயின் ஜெபமான 90. அந்தச் சங்கீதம் கேட்ட மறுநாள் காலையில்தான் உடம்பு தேறப் பயிற்சி கொடுக்கும் சமூக மருத்துவமனைக்கு இவரை மாற்றும் தாளில் கையெழுத்துப் போட்டேன். வானத்திலிருந்து குரல் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் சொல்வது காதில் ஏறும் அளவுக்கு மனசு அடங்கியிருந்தது. வழிநடத்துதல் என்று நான் சாட்சி சொல்வதானால் அதைத்தான் சொல்வேன். அதற்கு அடுத்து, தன் வரிசையில், 91 வந்தது. அன்றைக்கு முழுசாகக் கேட்டேன்.

மற்றவர்கள் எல்லாரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். யாக்கோபு நிருபத்தில் சொன்னபடி எண்ணெய் பூசி ஜெபித்த பாஸ்டர், ஆள் மாற்றி ஆள் ஜெபிக்கும் சங்கிலி ஜெபத்தில் விடியற்காலை முறையைக் கேட்டு வாங்கிக்கொண்ட வாலிபர்கள், சமையலை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்ட பெண்கள், இவரைத் தினமும் "அங்கிள், இன்னும் அஞ்சு தடவை" என்று ஏமாற்றி இருபது தடவை கையைத் தூக்கவைத்த பிசியோ பிள்ளை. கதவுக் கம்பியில் கஞ்சியை மாட்டிவிட்டு மணி அடிக்காமல் போன எதிர்வீட்டுச் சீனப் பாட்டி. ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிய என் தோழி. வீரமாகாளியம்மன் கோயிலில் இவர் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, "நீ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டியே" என்று தயங்கிக்கொண்டே சொன்ன ஆபீஸ் அக்கா. என்ன நினைப்பேன் அக்கா, கண் நிறைந்துபோனது. கப்பர்நகூமில் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய நாலு பேருக்கும் சுவிசேஷம் எழுதின மாற்கு பெயர் போடவில்லை, நானும் போடவில்லை, கோபிக்காதீர்கள்.

விசுவாசம் போதவில்லை, அதனால்தான் இப்படி என்று என் காதுபடச் சொன்ன ஓரிருவரும் உண்டு. துன்பத்தில் இருந்த யோபுவையே குற்றம் சொன்ன அவருடைய நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல்தான் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இனி பத்து மணிப் போன் என் வேலை. சபையில் ஒரு வீட்டுக்கு அது இப்போது தேவைப்படுகிறது, ஆரம்பித்துவிட்டேன். எப்படிச் செய்வது என்று ஆன்ட்டியிடம் கேட்டேன். "கேள்வி கேக்காத. வேகமா வாசிக்காத. உனக்கு அந்த ரெண்டாவதுதான் கஷ்டம்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

அப்புறம், எங்கள் வீட்டு அடுப்படியில் யார் யாருடையதோ டப்பாக்கள் குவிந்து கிடக்கின்றன. நீல மூடி போட்ட பெரிய டப்பர்வேர் இரண்டு, ஒரு தூக்கு, மூடி இல்லாத எவர்சில்வர் டிபன் ஒன்று. எல்லாவற்றையும் கழுவி வரும் ஞாயிறு சபைக்குக் கொண்டுவந்து பின்மேசையில் வைக்கிறேன். அவரவருடையதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூடி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.